ஹலீம் மிர்தா நன்னிலத்தில் இருந்த ஐந்து மாதம்

நெய்னா முகம்மது தன் ஆயுளில் ஒரே ஒரு தேர்தலில்தான் நின்றார். நன்னிலம் பேரூராட்சியில், சுயேச்சையாக, மின்விசிறிச் சின்னத்தில். பதினாலு ஓட்டில் தோற்றுப் போனார். அவருடைய சிநேகிதர் ஹலீம் மிர்தா வங்காள தேசத்தில் ஐந்து தேர்தலில் நின்று நான்கில் ஜெயித்தவர். ஜெயித்தவர் தோற்றவருடைய வீட்டு மாடிக்கு வந்து ஐந்து மாதம் இருந்துவிட்டுப் போனார்.

நெய்னாவுக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை. ஆற்றில் தண்ணீர் ஒழுங்காக வந்தால் அந்தக் கடையில் வேலை குறையும். தண்ணீர் வராத வருஷத்தில் போர்வெல் மோட்டார்கள் ஓய்வில்லாமல் ஓடிக் கருகிப்போய், வரிசையாக வந்து கடை வாசலில் உட்காரும். உங்களுக்கு எது நல்ல வருஷம் என்று யாராவது கேட்டால் அவரால் சட்டென்று பதில் சொல்ல முடியாது. குனிந்தே வேலை செய்து இடுப்பு போய்விட்டது. மகள் தஹ்மீனா கல்யாணமாகி மஸ்கட்டில் இருந்தாள். வீட்டில் அவரும் மனைவி சைத்தூன் பீவியும் மட்டும்தான்.

ஹலீம் மிர்தா அவருக்கு ஷார்ஜாவில் பழக்கம். ஏ.சி. பழுது பார்க்கும் ஒரு கம்பெனியில் இரண்டு பேருக்கும் வேலை. எட்டுப் பேர் படுக்கும் அறையில் அடுக்குக் கட்டிலில் மேலே நெய்னா, கீழே ஹலீம். இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை இந்தி. ஹலீமின் ஊர் பரிசால் பக்கம், கடலுக்குக் கிட்டே, நாலு புறமும் ஆறு. "எங்க ஊர்ல தண்ணி வந்துடக் கூடாதுன்னு துஆ கேப்போம், உங்க ஊர்ல வரணும்னு கேக்குறீங்க. அல்லாஹ்வுக்கு எவ்வளவு தொந்தரவு பாரு" என்று சொல்லிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பில் அறையில் இருக்கிற எல்லாரும் அவர் பக்கம் திரும்பிவிடுவார்கள். யாருக்காவது ஊரில் சாவு என்றால் லீவு கேட்கப் போவது அவர்தான். சமையல் யார் முறை என்று சண்டை வந்தால் தீர்த்து வைப்பதும் அவர்தான்.

இரண்டாயிரத்து ஏழாம் வருஷம் கம்பெனியில் ஆறு மாசம் சம்பளம் வரவில்லை. தொழிலாளர் அலுவலகத்துக்கு எழுதிக் கொடுக்கலாம் என்று ஹலீம் முடிவு செய்தார். ஆனால் அவருக்கு இங்கிலீஷ் எழுத வராது. ஐ.டி.ஐ. படித்த நெய்னாவுக்குக் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். நெய்னா எழுதினார், எட்டுப் பேரும் கையெழுத்துப் போட்டார்கள், ஹலீம் கொண்டுபோய்க் கொடுத்தார். மூன்றாம் நாள் அந்தக் கடிதத்தின் நகல் மேனேஜர் கையில் இருந்தது. எட்டுப் பேரையும் வரிசையாக நிற்க வைத்து, "இதை எழுதினது யாரு?" என்று கேட்டார்.

நெய்னாவின் தங்கைக்கு இரண்டு மாதத்தில் கல்யாணம் வைத்திருந்தார்கள். அவருக்குக் கால் முன்னே போகவில்லை, பின்னேயும் போகவில்லை. அதற்குள் பக்கத்தில் நின்ற ஹலீம் ஒரு அடி முன்னே வைத்து, "நான்தான்" என்றார்.

அவருக்கு எழுதத் தெரியாது என்று அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். மேனேஜருக்கும் தெரிந்திருக்கலாம். அவருக்கு வேண்டியிருந்தது ஒரு ஆள். எல்லாருக்கும் சம்பளம் வந்தது. ஹலீமுக்கு மட்டும் விசாவை ரத்து செய்து ஒரே வாரத்தில் விமானம் ஏற்றிவிட்டார்கள். நெய்னா அதற்கப்புறம் ஆறு வருஷம் அதே கம்பெனியில் இருந்தார். தங்கை கல்யாணம் நடந்தது, நன்னிலத்தில் வீடு எழும்பியது, மாடியில் ஒரு அறையும் கட்டினார்.

ஊருக்குப் போன ஹலீமுக்கு வேலை இல்லை. ஆனால் அவருடைய வட்டாரத்தில் வீட்டுக்கு ஒரு ஆள் வளைகுடாவில் இருந்தான். ஏஜென்ட் ஏமாற்றியவர்கள், பாஸ்போர்ட் மாட்டிக்கொண்டவர்கள், பெட்டியில் திரும்பி வந்த பிள்ளையின் காகிதங்களுக்கு அலைகிற தகப்பன்கள் எல்லாரும் ஹலீமைத் தேடி வந்தார்கள். அவர் யாரையும் சும்மா திருப்பி அனுப்பவில்லை. நாலு வருஷத்தில் நம் ஊர்ப் பஞ்சாயத்து மாதிரியான அமைப்பில் மெம்பர் ஆனார். அடுத்து நின்றதில் தோற்றார். அப்புறம் ஆளுங்கட்சியில் சேர்ந்து பஞ்சாயத்துத் தலைவரானார். அதற்கு மேல், நம் கணக்கில் சொன்னால் ஒன்றியத்துக்கே பெருந்தலைவர். அதில் இரண்டு முறை ஜெயித்தார்.

ஒவ்வொரு வெற்றிக்கும் நெய்னாவின் போனுக்குப் படங்கள் வரும். முதல் படத்தில் ஹலீம் சேற்றில் நின்று யாரோ ஒரு கிழவரின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். கடைசிப் படத்தில் கறுப்புக் கண்ணாடி போட்ட காரில் இருந்தார், முன்னாலும் பின்னாலும் ஐம்பது மோட்டார் சைக்கிள். நெய்னா பேரூராட்சித் தேர்தலில் நின்றபோது ஹலீம் தினமும் போன் செய்து யோசனை சொன்னார். தோற்ற அன்றைக்கு, "பதினாலு ஓட்டா? உன்கிட்ட பசங்க இல்லை பாய், அதான்" என்றார். அதன் அர்த்தம் நெய்னாவுக்கு அப்போது முழுசாக விளங்கவில்லை.

இரண்டாயிரத்து இருபத்து நாலு ஜூன் கடைசியில் ஹலீம் மருத்துவ விசாவில் சென்னைக்கு வந்து ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இதயத்தில் பைபாஸ் செய்துகொண்டார். அவர் லாட்ஜில் படுத்து உடம்பைத் தேற்றிக்கொண்டிருந்த ஆகஸ்ட் மாதம், டாக்காவில் ஆட்சி கவிழ்ந்தது. இரண்டே நாளில் அவருடைய வீடு எரிந்தது. மனைவியும் மகளும் டாக்காவில் மச்சினன் வீட்டில் ஒளிந்துகொண்டார்கள். பதவி போயிற்று. ஒரு வாரத்தில் அவர் பெயரில் பதினொரு வழக்கு. கூட வந்திருந்த உதவியாளன் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போய்விட்டான்.

நெய்னாவுக்குப் போன் வந்தது. "பாய், ஒரு மாசம் இருக்க இடம் வேணும். டாக்டர் பயணம் கூடாதுங்கிறாரு. ஊருக்கும் போக முடியாது."

நெய்னா போனைக் கையால் பொத்திக்கொண்டு மனைவியைப் பார்த்தார். சைத்தூன் பீவி கேட்டார்: "ஏங்க, நோயாளியா வர்றாரா, தலைவரா வர்றாரா?"

"நோயாளியாத்தான்."

"அப்ப வரச் சொல்லுங்க. தலைவருக்கெல்லாம் என்னால ஆக்கிப்போட முடியாது."

மயிலாடுதுறை ஸ்டேஷனில் ரயிலிலிருந்து இறங்கிய ஆளை நெய்னாவுக்கு அடையாளம் தெரியவில்லை. படத்தில் பார்த்த தொப்பை கரைந்து, சட்டை கழுத்துக்கு வெளியே தொங்கியது. நெஞ்சில் ஆபரேஷன் செய்த இடத்தைக் கையால் தாங்கிப் பிடித்தபடி நின்றார். ஒரு பை, மருந்துப் பொட்டலம், ஆஸ்பத்திரி ஃபைல். இருவரும் கட்டிப்பிடித்துக்கொள்ளக்கூட முடியவில்லை, நெஞ்சு வலிக்கும் என்று ஹலீம் கையை நீட்டித் தடுத்துவிட்டார்.

வெளிநாட்டுக்காரர் யாராவது வீட்டில் தங்கினால் இருபத்து நாலு மணி நேரத்துக்குள் ஆன்லைனில் பதிய வேண்டும். நெய்னா வளைகுடாவில் காகிதத்தின் அருமை தெரிந்தவர். மறுநாள் காலையிலேயே ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து பதிந்து, அதன் நகலையும் பாஸ்போர்ட் நகலையும் போலீஸ் ஸ்டேஷனில் கொண்டுபோய்க் கொடுத்தார். அன்றிலிருந்து வாரம் ஒருமுறை தனிப்பிரிவு ஏட்டு இளையபெருமாள் வந்து போக ஆரம்பித்தார். நல்ல மனிதர். வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வருவார்.

"தப்பா நினைச்சுக்காதீங்க பாய். மேல கேக்குறாங்க, நான் எழுதணும். ஆளு வீட்லதான இருக்காரு?"

"மாடியில படுத்திருக்காரு சார். கூப்பிடவா?"

"வேணாம், படுக்கட்டும். நெஞ்சுல கிழிச்ச மனுஷன்."

முதல் மாதம் ஹலீம் மாடியை விட்டு இறங்கவில்லை. சைத்தூன் பீவி உப்புக் குறைத்துக் குழம்பு வைத்துக் கொடுத்தனுப்புவார். தட்டு பாதி காலியாகித் திரும்பி வரும். மேலே எப்போதும் போன் சத்தம். அது எரிந்தது, இவன் உள்ளே போனான், அவன் கல்கத்தாவுக்குத் தப்பினான் என்று செய்தி வந்துகொண்டே இருந்தது. நெய்னா கடையிலிருந்து திரும்பி வந்து மாடிப்படியில் காலை வைக்கும்போதே அவருக்கு அலுப்பாக இருக்கும். கருகின மோட்டார்களோடு பகல் முழுக்க மாரடித்துவிட்டு, பொழுது சாய்ந்தால் இன்னொருவரின் தேசம் கருகிய கதையைக் கேட்க வேண்டும். ஆனாலும் போய் உட்காருவார். கேட்பார்.

செப்டம்பரில் டாக்டரிடம் காட்டத் தஞ்சாவூருக்குக் கூட்டிப் போனார். இனி கொஞ்சம் நடக்கச் சொன்னார் அந்த டாக்டர். அதன் பிறகு ஹலீம் கடைக்கு வர ஆரம்பித்தார். மூலையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. மூன்று நாள் சும்மா உட்கார்ந்திருந்தார். நாலாம் நாள் மோட்டார் கொண்டுவந்த ஒரு விவசாயிக்குச் சலாம் சொன்னார். ஒரு வாரத்தில் வருகிறவர்களின் பெயர் எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. யாருக்கு எந்த வாய்க்காலில் தண்ணீர் ஏறவில்லை, யார் வீட்டில் பெண்ணுக்குப் பேறுகாலம் என்பதெல்லாம் அரைத் தமிழிலும் முக்கால் சைகையிலும் விசாரித்துத் தெரிந்துகொண்டார். நல்லக்கண்ணு என்று ஒரு விவசாயி. பயிர்க் காப்பீட்டில் தன் சர்வே எண்ணைத் தப்பாக ஏற்றிவிட்டார்கள் என்று மூன்று மாதமாக அலைந்துகொண்டிருந்தார். ஹலீம் நெய்னாவை உட்கார வைத்து அவருக்கு மனு எழுதச் சொன்னார். யாரிடம் கொடுக்க வேண்டும், யாருக்கு நகல் அனுப்ப வேண்டும், கொடுத்ததற்கு ரசீது வாங்காமல் திரும்பக் கூடாது என்று இந்தியில் சொல்ல, நெய்னா தமிழில் சொன்னார். பத்து நாளில் எண் திருத்தப்பட்டுவிட்டது. நல்லக்கண்ணு ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து, "உங்க டாக்கா பாய் பெரிய ஆளுங்க" என்றார்.

நெய்னா அன்று ஹலீமின் முகத்தைப் பார்த்தார். ஷார்ஜா அறையில் பார்த்த அதே முகம். இப்படிப்பட்ட மனிதரின் வீட்டை எதற்காக எரித்தார்கள் என்று அவருக்கு ஆறவில்லை.

தெருவில் பேச்சு மாறியது அக்டோபரில்தான். திருப்பூர் பக்கம் போலி ஆதார் வைத்திருந்த வங்காள தேசத்தவர்களைப் பிடித்ததாக டி.வி.யில் வந்தது. மறுநாள் டீக்கடையில் நெய்னா நுழைந்ததும் பேச்சு நின்றது. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து ஜமாஅத் செயலாளர் அப்துல் ரஹ்மான் அவரைத் தனியாக நிறுத்தினார்.

"நெய்னா, உன் பேர்ல எனக்குச் சந்தேகமில்ல. ஆனா நாளைக்கு ஒண்ணுன்னா உன் வீடு மட்டுமில்ல, தெருவே பதில் சொல்லணும். வேற எங்கயாச்சும் ஏற்பாடு பண்ணேன்."

"எல்லாம் சட்டப்படி பதிஞ்சிருக்குங்க. விசா இருக்கு."

"உனக்கும் எனக்கும் தெரியும்பா. பாக்குறவனுக்கு எப்படித் தெரியும்?"

நெய்னா வீட்டுக்கு வந்து சைத்தூன் பீவியிடம் மட்டும் சொன்னார். அவர் பால் பாத்திரத்தைக் கவிழ்த்தவன் போல ஏன் முழிக்கிறீர்கள் என்று கடிந்துகொண்டு, "விசா முடியறவரைக்கும் இருக்கட்டும். அதுக்கு மேல ஒரு நாளும் வேணாம். ரெண்டுமே சட்டந்தான்" என்றார்.

ஷார்ஜா அறையில் இருந்த எட்டுப் பேரில் இன்னொரு வங்காள தேசத்தவர் மொத்தாலிப். ஹலீமுக்கு அடுத்த ஊர்க்காரர். இப்போது ஊரில் சரக்கு வேன் ஓட்டுகிறார். நெய்னாவிடம் அவருடைய எண் இருந்தது. ஹலீமின் ஊர் நிலவரத்தை ஹலீம் வாயால் மட்டும் கேட்காமல் வேறு யாரிடமாவது விசாரிக்கலாம் என்று ஒரு நாள் கடையிலிருந்து அவரைக் கூப்பிட்டார். பழைய சிநேகிதத்தில் மொத்தாலிப் சந்தோஷமாகப் பேசினார். ஹலீம் இங்கேதான் இருக்கிறார் என்று சொன்னதும் மொத்தாலிப்பின் குரல் மாறியது.

"நெய்னா பாய், அவன் பேரை என்கிட்ட எடுக்காத."

"என்ன ஆச்சு?"

"என் பையன் ரூபேல் என்ன ஆனான்னு அவன்கிட்டயே கேளு."

விட்டு விட்டுச் சொன்னார். மூன்று வருஷத்துக்கு முன் பஞ்சாயத்துத் தேர்தலில் ஹலீமின் கட்சிக்காரர் ஒருவர் நின்றார். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ரூபேல் எதிர் வேட்பாளருக்கு நோட்டீஸ் கொடுக்கப் போனான். ஹலீமின் பசங்கள் இரும்புக் கம்பியால் அடித்து இடுப்பெலும்பை நொறுக்கிவிட்டார்கள். மொத்தாலிப் புகார் கொடுக்கப் போனார். ஸ்டேஷனில் எழுத மறுத்துவிட்டார்கள். ரூபேல் இன்றைக்கும் கைத்தடி இல்லாமல் நடப்பதில்லை. படிப்பு அதோடு நின்றது.

அன்று நெய்னா ஒரு மோட்டாருக்குத் தப்பாகக் காயில் சுற்றி, மறுபடி பிரித்துச் சுற்றினார். சாயங்காலம் மாடிக்குப் போய் ஹலீமின் எதிரே உட்கார்ந்தார்.

"மொத்தாலிப் மகன் ரூபேலுக்கு என்ன ஆச்சு பாய்?"

ஹலீம் மாத்திரை அட்டையைக் கீழே வைத்தார்.

"நான் அடிக்கச் சொல்லல" என்றார். அப்புறம், நெய்னா ஒன்றும் கேட்காமலே, "அடிச்சவங்களை விடச் சொன்னேன். ஸ்டேஷனுக்கு நான்தான் போன் பண்ணேன்" என்றார்.

"மொத்தாலிப் நம்மகூட ஒரே தட்டுல சாப்பிட்டவர்."

"தெரியும்." ஹலீம் குரலை உயர்த்தவில்லை. "முதல் தேர்தல்ல என்கிட்ட யாருமே இல்ல. நடந்தே ஓட்டுக் கேட்டேன். ரெண்டாவதுல தோத்தேன். ஏன் தோத்தேன்னு கட்சிக்காரங்க சொன்னாங்க, உன்கிட்ட பசங்க இல்லைன்னு. அப்புறம் பசங்க வந்தாங்க. அவங்களுக்கு வண்டி வேணும், வேலை வேணும், மாட்டிக்கிட்டா எடுத்துவிட ஆள் வேணும். ஒருத்தனை விட்டுக்கொடுத்தா அடுத்த தடவை ஒருத்தனும் வர மாட்டான். அன்னைக்கு யாரு பையனை அடிச்சாங்கன்னு எனக்குத் தெரியாது. போன் பண்ணதுக்கப்புறம்தான் தெரிஞ்சுது. தெரிஞ்சும் திரும்ப ஒரு போன் பண்ணல."

"ஏன்?"

"தேர்தலுக்கு நாலு நாள் இருந்துச்சு."

நெய்னாவுக்குத் திட்ட வேண்டும் போலிருந்தது. எழுந்து கீழே போனார். சைத்தூன் பீவி எடுத்துவைத்த சோற்றைத் தொடாமல் படுத்துக்கொண்டார். தன்னைக் காப்பாற்ற ஒரு அடி முன்னே வைத்த அதே மனிதர்தான் இதையும் செய்திருக்கிறார். இந்த இரண்டையும் ஒரே ஆளின் மேல் எப்படி வைப்பது என்று யோசித்து யோசித்து அவருக்குத் தலை கனத்தது. கடைசியில் யோசிப்பதையே விட்டுவிட்டார். மறுநாள் வழக்கம் போல மேலே காப்பி போயிற்று. இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை.

விசாவை ஒருமுறை நீட்டித்திருந்தார்கள். ஜனவரி நடுவில் அது முடிகிறது. இதயம் தேறிவிட்டது, சிகிச்சை பாக்கி இல்லை என்று டாக்டர் எழுதிவிட்டதால் மறுபடி நீட்டிக்க வழியில்லை. டிசம்பரில் மழை கொட்டியது. சம்பா வயல்களில் தண்ணீர் நின்றது. கடைக்கு மோட்டாரே வரவில்லை. அப்படி ஒரு மதியம், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தபோது ஹலீம் கேட்டார்.

"இங்க ஒரு ஆதார் எடுக்க முடியுமா பாய்? ஆள் இருக்காங்கன்னு கல்கத்தாவுல இருக்கற எங்க கட்சிக்காரர் சொல்றாரு. இந்த ஊர்ல இருக்கேன்னு நீ ஒரு கையெழுத்து போட்டா போதும். நான் எங்கயாவது ஒரு மூலையில கிடப்பேன்."

மழைத் தண்ணீர் ஷட்டருக்கு அடியில் உள்ளே வந்துகொண்டிருந்தது. நெய்னா ஒரு கோணியை எடுத்து வாசலில் போட்டார். போட்டுவிட்டும் நிமிராமல் நின்றார்.

"முடியாது பாய்."

"சரி."

"ஷார்ஜாவுல நீங்க எனக்குச் செஞ்சதுக்கு நான் உசுரைக்கூட..."

"அதை நான் கேக்கவே இல்லையே."

"நீங்க கேக்காததுதான் பாய் கஷ்டமா இருக்கு." நெய்னா கோணியைக் காலால் ஷட்டரோடு ஒட்டித் தள்ளினார். "எனக்காக நீங்க ஒரு பொய் சொன்னீங்க. அந்தப் பொய்யில நீங்க மட்டும்தான் அடிபட்டீங்க. நான் இப்ப ஒரு பொய் சொன்னா இந்தத் தெருவே அடிபடும். ஏட்டு இளையபெருமாள் வரைக்கும் அடிபடுவாரு. என்னால முடியாது."

ஹலீம் தலையை ஆட்டினார். கோபமா, ஒப்புக்கொண்டாரா என்று தெரியவில்லை. குடையை எடுத்துக்கொண்டு தனியாக வீட்டுக்கு நடந்தார். இரண்டு நாள் கீழே இறங்கவில்லை.

மூன்றாம் நாள் டாக்காவிலிருந்து மகள் பேசினாள். ஹலீம் கிடைக்காததால் மாமாவைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று அழுதாள். ஹலீம் போனை வைத்துவிட்டுப் படியிறங்கி வந்து சமையலறை வாசலில் நின்றார். உள்ளே மீன் கழுவிக்கொண்டிருந்த சைத்தூன் பீவியிடம் தனக்குத் தெரிந்த தமிழில், "நான் ஊருக்குப் போறேன், தங்கச்சி" என்றார்.

சைத்தூன் பீவி கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். ஐந்து மாதத்தில் அந்த மனிதர் அவரிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அது. "பிடிச்சிருவாங்களேண்ணே" என்றார்.

"பிடிப்பாங்க. ஓடறதுக்கும் ஒடம்பு வேணும்." மீதியை நெய்னாவைப் பார்த்து இந்தியில் சொன்னார். "என் மச்சினன் பாவம், அரிசிக்கடைக்காரன். அரசியலே தெரியாது. எனக்காக அவன் ஏன் உள்ள இருக்கணும்?"

கிளம்புவதற்கு முந்தைய நாள், மொத்தாலிப்புக்குப் போன் போடச் சொன்னார். நெய்னா தன் போனிலிருந்து கூப்பிட்டு, மொத்தாலிப் எடுத்ததும், "ஹலீம் பாய் பேசணும்ங்கிறாரு. இஷ்டமில்லேன்னா வச்சிடுங்க" என்று சொல்லிக் கொடுத்தார். மொத்தாலிப் வைக்கவில்லை. ஹலீம் வங்காளத்தில் மெதுவாகப் பேசினார். நெய்னாவுக்கு ரூபேல் என்ற பெயரும் மன்னிப்புக்கான மாஃப் என்ற வார்த்தையும் மட்டும் புரிந்தது. ஐந்து நிமிஷம் இருக்கும். பிறகு இணைப்பு அறுந்தது.

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. வேன் ஓட்டிக்கிட்டிருந்தான். ஹாரன் சத்தம் கேட்டுச்சு."

ஜனவரி பத்தாம் தேதி இருவரும் மயிலாடுதுறையில் பகல் ரயில் ஏறிச் சென்னைக்குப் போனார்கள். அதற்கு முன் நெய்னா போலீஸ் ஸ்டேஷனில் போய், விருந்தாளி கிளம்புகிறார் என்று எழுதிக் கொடுத்தார். இளையபெருமாள் அதை வாங்கி வைத்துக்கொண்டு, "மருந்தெல்லாம் மூணு மாசத்துக்கு வாங்கிக் குடுத்துட்டீங்களா பாய்? உள்ள போனா கிடைக்காது" என்றார். நெய்னா வாங்கியிருந்தார்.

விமான நிலைய வாசலில் பாதுகாவலர் டிக்கெட்டைப் பார்த்தார். அதற்கு மேல் நெய்னா போக முடியாது. இந்த முறை ஹலீம் கையை நீட்டித் தடுக்கவில்லை, நெருங்கி வந்து அணைத்துக்கொண்டார். ஆறின எலும்பின் மேடு நெய்னாவின் நெஞ்சில் தட்டியது.

"நீ மாட்டேன்னு சொன்னது சரிதான்" என்றார் ஹலீம். "எனக்கு அப்படிச் சொல்ல ஆள் இல்லாமப் போச்சு."

டாக்கா விமான நிலையத்திலேயே அவரைப் பிடித்துவிட்டார்கள். மறுநாள் மகள் செய்தி அனுப்பினாள். மாமாவை விட்டுவிட்டார்கள் என்றும் எழுதியிருந்தாள். அதன் பிறகு மாதம் ஒன்று இரண்டு வரி வரும். ஜாமீன் இல்லை. இரத்த அழுத்தம். வேறு ஜெயிலுக்கு மாற்றிவிட்டார்கள். மறுபடி ஜாமீன் இல்லை. நெய்னா அவற்றைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துஆ செய்கிறோம் என்று மட்டும் எழுதுவார்.

அந்த வருஷம் காவேரியில் தண்ணீர் ஒழுங்காக வந்தது. கடையில் வேலை குறைந்தது. நெய்னா இடுப்பு வலிக்குப் பெல்ட் போட்டுக்கொண்டார். நல்லக்கண்ணு வரும்போதெல்லாம் டாக்கா பாயை விசாரிப்பார். நல்லா இருக்காருங்க என்று நெய்னா சொல்லி அனுப்புவார். டீக்கடைப் பேச்சும் பழையபடி ஆகிவிட்டது, எதுவுமே நடக்காதது போல. அதுதான் அவருக்கு எல்லாவற்றையும் விட அதிக அலுப்பாக இருந்தது.

அடுத்த நவம்பரில் ஒரு காலை, மொத்தாலிப் தானாகவே கூப்பிட்டார். ரூபேலை அடித்த வழக்கைப் புதிதாக எடுத்து விசாரிக்கிறார்கள். முந்தைய நாள் கோர்ட்டில் ஹலீமைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஹலீமின் வக்கீல், போன் செய்ததற்கு ஆதாரமே இல்லை என்று வாதாடிக்கொண்டிருந்தார். பாதியில் ஹலீம் கையைத் தூக்கி, போன் செய்தது நான்தான் என்று நீதிபதியிடம் சொல்லிவிட்டார். அடித்த நாலு பேரின் பெயரையும் சொன்னார். அதனால் அந்த ஒரு வழக்கில் அவருக்குத் தண்டனை நிச்சயம் என்று எல்லாரும் சொல்கிறார்களாம்.

"ரூபேல் இருந்தானா அங்க?" என்று நெய்னா கேட்டார்.

"இருந்தான். அவன்தான் போகணும்னான். நான் மன்னிக்கல நெய்னா பாய். மன்னிச்சேன்னு யாருக்கும் சொல்லிடாத. என் பையன் இடுப்பு அப்படியேதான் இருக்கு." பிறகு, "ஆனா கோர்ட்டுல அத்தனை பேர் முன்னாடி என் பையன் பேரைச் சொல்லி ஒத்துக்கிட்டான். உனக்குத் தெரியணும்னு தோணுச்சு" என்றார்.

போனை வைத்ததும் நெய்னா கடையைத் திறந்தபடியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். சைத்தூன் பீவி கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். முழுக்கச் சொன்னார். அவர் ஈரத் துணியைக் கையில் வைத்தபடியே கேட்டார்.

"எத்தனை வருஷம் போடுவாங்களாம்?"

"தெரியல."

"மருந்து யாரு குடுப்பா உள்ள?"

"அதுவும் தெரியல."

சைத்தூன் பீவி துணியை உதறிக் கொடியில் போட்டார். "அவரு பொண்ணுகிட்ட கேட்டு எழுதுங்க. என்ன மாத்திரைன்னு இங்க சீட்டு இருக்கு, படம் புடிச்சு அனுப்பிடலாம்" என்றார். நெய்னா மாடிக்குப் போய் அந்தச் சீட்டைத் தேட ஆரம்பித்தார்.